மரைக்குக் கட்டிய துவக்கு

என் கையெழுத்து கோழி கிளறிய நிலம்போல இருக்கும். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகவில்லை. ர, ற இரண்டில் எது எங்கே வரும் என்று இன்றைக்கும் எனக்கு நிச்சயமில்லை. இதை அச்சில் அடிப்பவர் பொறுத்துக்கொண்டு எழுத்துப் பிழைகளைத் திருத்தட்டும். நடந்ததை மட்டும் திருத்த வேண்டாம்.

பிரான்சில் எங்கள் ஆட்கள் கூடுகிற லா சப்பல் தேநீர்க் கடைகளில் என்னைப் பற்றிக் கதைக்கிறார்கள். ஒரு சிங்களவனுக்காகச் சொந்த அண்ணனின் கையை முறித்துப் பொலிசில் கொடுத்தவன் என்கிறார்கள். தம்பியைக் கொன்றவனோடு உட்கார்ந்து சோறு தின்றவன் என்றும் சொல்கிறார்கள். நான் ஆட்களுக்கு முன்னால் வாய் திறக்கிறவன் அல்ல. யாராவது நேரே கேட்டால் தேநீரை அப்படியே வைத்துவிட்டு எழும்பிப் போய்விடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

நாங்கள் வன்னிக் காட்டின் தெற்கு ஓரத்து ஆட்கள். அப்பா வேட்டைக்காரர். அவருக்குப் பிறகு நான். இறைச்சி வீட்டுக்கு, தோல் வியாபாரத்துக்கு. மான், மரை, கரடி, எப்போதாவது சிறுத்தை. மரை என்பது மாட்டளவு வளரும் பெரிய மான்; அதன் தோலுக்குத்தான் கிராக்கி. உரித்து, கொழுப்பைச் சுரண்டி, உப்புத் தடவி நிழலில் விரித்து வைப்போம். உழவு இயந்திரத்தில் ஒரு வியாபாரி வருவார். உப்பு, பற்றரி, ஈயம், வெடிமருந்து தந்துவிட்டுத் தோலை ஏற்றிக்கொண்டு போவார். நடுவில் துளை விழுந்த தோலைக் காலால் தள்ளிவிடுவார். அதனால் கழுத்திலும் தலையிலும் சுடப் பழகினேன்.

சண்டை எங்கள் குளம் வரைக்கும் வந்தது. குளத்துக்கு வடக்கே நாங்கள், தெற்கே அவர்கள். காடு தெரிந்தவன் என்று இயக்கத்தார் என்னை எல்லைக் காவலில் விட்டார்கள். ஒரு கிழமை காவல், மறு கிழமை வேட்டை. இறைச்சியைக் காவலில் இருந்தவர்கள் தின்றார்கள், தோலை நான் விற்றேன். இரண்டு வேலைக்கும் ஒரே கண், ஒரே மூச்சு. கோடையில் குளம் வற்றி நடுவில் மட்டும் தண்ணீர் நின்றபோது இரண்டு பக்கத்து ஆட்களும் மிருகங்களும் அங்கேதான் வந்தாக வேண்டும். குனிந்து தண்ணீர் அள்ளிய ஒருவனை நான் சுட்டேன். முகம் தண்ணீருக்குள் போனது. கால்கள் வெளியே உதைத்துக்கொண்டு கிடந்தன. அடுத்த நாள் என் பக்கத்தில் நின்றவருக்குத் தாடை போனது. பொழுது சாயும்வரை வெளியில் கிடந்தார். தாடை இல்லாத வாயில் நாக்கு மட்டும் அசைந்தது. யாரும் போய் இழுக்க முடியவில்லை. கடைசியில் எங்கள் பொறுப்பாளரே குறி பார்த்து அவரைச் சுட்டு முடித்தார்.

கட்டுத்துவக்கு என்று ஒன்று உண்டு. ஆளில்லாமல் வெடிக்கிற துப்பாக்கி. மிருகம் தண்ணீருக்கு வரும் பாதையில் மரத்தோடு அதைக் கட்டி, விசையிலிருந்து பாதைக்குக் குறுக்கே ஒரு நூல் இழுத்துவிடுவார்கள். பன்றிக்கு என்றால் நூல் முழங்கால் உயரத்தில் இருக்கும். மரைக்கு என்றால் மனிதனின் நெஞ்சு உயரத்தில். பன்றியும் புள்ளிமானும் அதற்குக் கீழே போய்விடும். மரைக்குக் கட்டுவது ஆளையும் பிடிக்கும் என்பதால் ஒரு முறை வைத்திருந்தோம். கட்டியவன் துவக்குக்குச் சற்று முன்னால் பாதையின் மேலே இலைகளோடு ஒரு குழையை முறித்து, காற்றில் விழாதபடி நாரால் கட்டித் தொங்கவிட வேண்டும். அதைக் கண்ட மனிதன் திரும்பிவிடுவான். மரைக்கு அது வெறும் இலை. எங்கள் பக்கத்து வேட்டைக்காரரும் கட்டினார்கள், அவர்கள் பக்கத்தவரும் கட்டினார்கள். செல் குண்டு விழுகிற காலத்திலும் இது மாறவில்லை. ஆளை ஆள் சுட்டோம். ஆனால் குழை கட்டாமல் துவக்குக் கட்டியவன் என்ற பெயரை எவனும் எடுக்க விரும்பவில்லை.

என் தம்பி வேட்டைக்காரன் அல்ல. அவனாவது படிக்கட்டும் என்று அண்ணை சின்ன வயதிலேயே அவனை யாழ்ப்பாணத்தில் சித்தி வீட்டில் விட்டார். பிறகு அண்ணை பிரான்சுக்கு வந்துவிட்டார். தம்பி படிப்பை விட்டு இயக்கத்தில் சேர்ந்து, துவக்கோடு எங்கள் குளத்துக்கே காவலுக்கு வந்தான். வந்து அதிக நாள் ஆகவில்லை. ஒரு காலை மற்றப் பொடியளோடு காட்டுக்குள் ரோந்து போனவன் நூலில் நெஞ்சை வைத்தான். வெடி கேட்டு ஓடினேன். தொண்டைக் குழியில் என் பெருவிரல் நுழையும் அளவுக்கு ஓட்டை. அவனை முதுகில் போட்டுச் சுமந்தேன். இரத்தம் என் காதுக்குள் ஓடி உறைந்தது. பொடியள் எல்லோரும் உருமறைப்புக்காக உடம்பில் குழை செருகியிருந்தார்கள். மற்றவர்களுடையது பச்சை. தம்பியின் தோளில் இருந்தது வாடிப்போனது. அது நடக்க நடக்க என் கன்னத்தில் உரசியது. பிடுங்கி எறிந்தேன். காம்பில் இருந்த நார் விரலில் சிக்கியது. அதையும் உதறிவிட்டு நடந்தேன்.

பாதையில் எச்சரிக்கைக் குழை எதுவும் இல்லை. நான் திரும்பப் போய்ப் பார்த்தேன், ஊரார் போய்ப் பார்த்தார்கள். தொலைபேசியில் அண்ணை கேட்டார்.

"எப்பிடிக் கட்டியிருந்தது?"

"மரைக்குக் கட்டினது போலை கிடக்கு அண்ணை."

"குழை இருந்ததோ?"

"இல்லை."

"அப்ப என்ர தம்பிக்குத்தான் கட்டியிருக்கிறாங்கள்."

இவ்வளவு வருடமும் அண்ணை அந்தச் சொல்லோடுதான் இருந்தார். வில்லியே லே பெல் என்ற புறநகரில் அவர் வீட்டுக் கூடத்தில் தம்பியின் படம் மாலையோடு தொங்குகிறது. அதைப் பார்க்காமல் அவர் சாப்பிட உட்கார்ந்ததில்லை.

பிரான்சுக்கு வந்த பிறகும் எனக்குத் தெரிந்தது தோல்தான். ரூ து ஃபொபூர் சேன்-தெனி என்ற தெருவில் எங்கள் ஆட்களின் கடைகளைத் தாண்டிக் கீழே இறங்கினால் ஒரு முற்றத்துக்குள் உரோமக் கோட்டுப் பட்டறை ஒன்று இருந்தது. பழைய கோட்டுகளை வாங்குவார்கள், பிரித்துத் தைப்பார்கள், விற்பார்கள். முதலாளி ஒரு கிழவர். என் கையை ஒருமுறை திருப்பிப் பார்த்துவிட்டு வேலை தந்தார். செத்துப்போன சீமாட்டிகளின் நரித்தோலையும் மிங்க் கோட்டுகளையும் சந்தைகளில் தேடி வாங்கி வருவேன். தோலை ஈரப்படுத்தி, மயிர்ப் பக்கம் கீழே இருக்கப் பலகையில் விரித்து, இழுத்து, சுற்றிவர ஆணியடித்துக் காயவிட வேண்டும். அதற்கு நாலு கை தேவை. முதலாளி இன்னொருவனைக் கூட்டி வந்தார்.

என் வயதுக்காரன், சிங்களவன். கத்தியைப் பிடித்த விதத்திலேயே காட்டு ஆள் என்று தெரிந்தது. எல்லைக் கிராமத்துத் தமிழ் பேசினான்.

"மச்சாங், நீ எந்தப் பக்கம்?"

எங்கள் குளத்தின் பெயரைச் சொன்னேன். ஆணிப் பெட்டியைக் கீழே வைத்தான்.

"வடக்குப் பக்கமா?"

"ஓம்."

"நான் தெக்கு. ஊர்காவல் படையில இருந்தது." என்னைப் பார்த்துச் சிரித்தான். "அப்ப நான் உன்னைச் சுட்டிருக்கிறது."

"நானும் உன்னைச் சுட்டிருப்பன்."

"ரெண்டு பேருக்கும் குறி சரியில்ல தானே. நல்லது. இல்லாட்டி இந்த நரிக்கு மத்தப் பக்கம் யார் இழுக்கிறது? இழு, இழு."

இப்படித்தான் தொடங்கியது. மிருகங்களுக்காக இரங்குகிற பிள்ளைகள் சிலர் ஒருமுறை எங்கள் கதவில் சிவப்புச் சாயம் ஊற்றிவிட்டுப் போனார்கள். அவன் விரலால் தொட்டுப் பார்த்தான். "பாவம், இவங்க ரத்தம் கண்டதில்ல. உண்மையான ரத்தம் இப்பிடி மினுங்காது தானே" என்றான். நான் இந்த நாட்டில் வாய்விட்டுச் சிரித்த நாட்கள் குறைவு. அது ஒன்று.

அண்ணை லா சப்பலில் ஓர் உணவகத்தின் குசினியில் ஆட்டிறைச்சி வெட்டுகிறவர். கோபக்காரர். ஸ்டாலின்கிராட் மெற்றோ படியில் பையைப் பறிக்க வந்தவனின் முகத்தைப் படிக்கட்டில் மோதி, உடைந்த பல்லைப் பொறுக்கி அவன் கையிலேயே கொடுத்தவர். மத்தியானக் கூட்டம் ஓய்ந்ததும் எனக்குச் சோற்றுப் பார்சல் கொண்டு வருவார். முதல் நாள் அவனைக் கண்டதும் வாசலிலேயே நின்றார்.

"உவன் ஆர்?"

"கூட வேலை செய்யிறவர்."

"சிங்களவனோ?"

"ஓம்."

"மணக்கேக்கையே நினைச்சன்."

"அது நரித்தோல் அண்ணை."

அவன் எழும்பித் தன் கதிரையைத் துடைத்து, "வாங்க அண்ணே, இருங்க" என்றான். அண்ணை இருக்கவில்லை. ஆனால் அடுத்த முறை வந்தபோது பலகையில் கிடந்த தோலைத் தடவிப் பார்த்தார். அண்ணையும் இளவயதில் காட்டில் திரிந்தவர். மரையைப் பற்றி ஒருவன் கதைத்தால் அவரால் பேசாமல் இருக்க முடியாது. அதன் பிறகு இருவரும் கையை விரித்துக் கொம்பின் அளவு காட்டிச் சண்டை பிடித்தார்கள். "உங்கட பக்கத்து மரையெல்லாம் ஆடடா" என்பார் அண்ணை. "உங்கட பக்கம் தண்ணி இல்ல அண்ணே, அதான் இங்க வந்து கொழுக்கிறது" என்பான் அவன். சில நாட்களில் அண்ணை இரண்டு பார்சல் கொண்டுவரத் தொடங்கினார்.

அப்படி ஒரு மத்தியானம் மூவரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். பேச்சு கட்டுத்துவக்குக்கு வந்தது.

"நாங்கள் மரைக்கு ஒற்றைக் குண்டுதான் போடுறது" என்றார் அண்ணை.

"நம்மளும் அப்பிடித்தான். மச்சாங், குளத்துக்கு வடக்க, பெரிய கல்லுக்குப் பக்கத்தில ஒரு வீரை மரம் இருந்தது தானே?"

அந்தக் கல்லில்தான் தம்பியைக் கிடத்தி மூச்சு வாங்கியிருந்தேன். அவன் என் முகத்தைக் கவனிக்கவில்லை.

"ராவில வந்து அதில கட்டினது. மரை வரல்ல. உங்கட பொடியன் ஒண்டு பட்டது. எங்கட ஆக்கள் வந்து முதுகில தட்டினாங்க, நல்ல வேலை என்டு. எனக்குச் சோறு இறங்கல்ல. அதுக்குப் பிறகு நான் கட்டுத்துவக்கே கட்டினதில்ல."

அண்ணையின் கை சோற்றுக்குள் அப்படியே நின்றது. எழும்பினார், குழாயில் கையைக் கழுவினார், பார்சலை மூடிக் குப்பையில் போட்டார், வெளியே போனார். நான் பின்னால் ஓடினேன். லா சப்பல் மெற்றோ பாலத்துக்குக் கீழேதான் பிடித்தேன்.

"அண்ணை, ஆரெண்டு அவருக்குத் தெரியாது."

"இனித் தெரியவரும்."

"அண்ணை, அது மரைக்குக் கட்டின—"

"வாயைப் பொத்தடா! என்ர கையாலை அவனுக்குச் சோறு கொண்டந்து குடுத்தனான். என்ர தம்பியைத் திண்டவனுக்கு." மேலே ரயில் போனது, அது போகும்வரை காத்திருந்தார். "நாளைக்கு அவனை வெட்டுவன். நீ வேலைக்குப் போகாதை. போனாலும் வெளியாலை நில்."

அண்ணை சொன்னால் செய்கிறவர். பொலிசுக்குப் போகலாமா என்று யோசித்தேன். எனக்கு வராத பிரெஞ்சில், சொந்த அண்ணனைப் பற்றி, அவர் இன்னும் செய்யாத ஒன்றை எப்படிச் சொல்வது? பட்டறைக்குத் திரும்பிப் போய் அவனிடம்தான் சொன்னேன். பட்டவன் என் தம்பி என்றதும் பலகையின் மேல் இருந்துவிட்டான். இரண்டு கையாலும் தன் முகத்தில் அறைந்தான். நிறுத்தாமல் அறைந்தான். கையைப் பிடித்து நிறுத்தினேன்.

"குழை கட்டினது மச்சாங்" என்றான். "வீரைக் குழை. ரெண்டு நாளைக்கு முன்னம். நார் போட்டு இறுக்கிக் கட்டினது."

"குழை இருக்கேல்லை. நான் போய்ப் பாத்தனான்."

"புத்தர் மேல சத்தியம். நார் போட்டுக் கட்டினது."

நார் என்று அவன் இரண்டாம் முறை சொன்னபோது எனக்கு விளங்கியது. உருமறைப்புக்கு வெட்டிச் செருகும் குழைக்கு எவனும் நார் கட்டுவதில்லை. தம்பி பாதையில் போயிருக்கிறான். தலைக்கு மேலே முறித்த குழை ஒன்று வசதியாகத் தொங்கியிருக்கிறது. அது ஏன் தொங்குகிறது என்று அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. புதிதாக வெட்டுவானேன் என்று அதை அவிழ்த்துத் தோளில் செருகிக்கொண்டு நேரே நூலுக்குள் நடந்திருக்கிறான். தன்னைத் திரும்பிப் போகச் சொன்ன குழையைச் சுமந்துகொண்டே செத்தான்.

"இண்டைக்கே எங்கையாவது போ" என்றேன்.

"போனா நான் குழை கட்டாதவன் என்டு ஆகும். அண்ணே வரட்டும். நான் சொல்லுறன்."

அடுத்த நாள் மத்தியானம் முதலாளி சாப்பிடப் போயிருந்தார். அண்ணை முற்றத்தைக் கடந்து வந்தார். கையில் பிளாஸ்டிக் பை. உள்ளே இறைச்சி வெட்டும் கத்தி இருப்பது அதன் கனத்தில் தெரிந்தது. நான் வாசலை மறித்து நின்று எல்லாவற்றையும் சொன்னேன். குழை, நார், தம்பியின் தோள், என் விரல். வாழ்க்கையில் அவ்வளவு நீளமாக நான் யாரிடமும் பேசியதில்லை. அண்ணை குறுக்கிடாமல் கேட்டார்.

"அப்ப என்ர தம்பி தன்னைத் தானே சாகடிச்சவன் எண்டுறாய்."

"அவனுக்குக் காடு தெரியாது அண்ணை. ஆரும் பழக்கேல்லை."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று தெரிந்தது. அண்ணையின் முகம் சாம்பலாகிவிட்டது.

"அவனைக் காட்டிலை இருந்து பிரிச்சு யாழ்ப்பாணத்துக்கு அனுப்பினது நான்" என்றார் மெதுவாக. பிறகு பையை உதறினார்.

கத்தியின் பிடியால் என் வாயில் அடித்தார். உதடு கிழிந்து பல் ஒன்று நாக்கில் விழுந்தது. நான் எழும்புவதற்குள் உள்ளே போய்விட்டார். அவன் கையில் இருந்த தோல் வெட்டும் கத்தியை மேசையில் வைத்துவிட்டு, "அண்ணே, நான் சொல்லுற—" என்றான். முதல் வெட்டு தோளில் விழுந்து காறை எலும்பைத் திறந்தது. அவன் பலகையைத் தூக்கி மறைத்தான். இரண்டாவது வெட்டு, ஆணியடித்திருந்த நரித்தோலைப் பிளந்து மரத்தில் இறுகியது. அண்ணை பலகையில் காலை ஊன்றிக் கத்தியை இழுத்தெடுத்தார். அவன் திரும்பி ஓட முயன்றபோது மூன்றாவது வெட்டு முதுகில் நீளமாக விழுந்தது. சுவரோரம் அடுக்கியிருந்த வெள்ளை முயல் தோல்களில் முகம் குப்புற விழுந்தான். நாலாவதுக்கு அண்ணை அவன் கழுத்தைப் பார்த்துக் கையை ஓங்கினார்.

ஆணியடிக்கும் சுத்தியல் என் கைக்கு வந்தது. அண்ணையின் முழங்கையில் அடித்தேன். விழுந்த மானின் காலை உரிப்பதற்காக முறிக்கும்போது வருகிற சத்தம். கத்தி விழுந்தது. அவர் கத்தவில்லை. குனிந்து இடக்கையால் அதை எடுத்தார். நான் அவர்மேல் பாய்ந்து விழுத்தி, காயப்பட்ட பன்றியை அமத்துவதுபோல முழங்காலைப் பிடரியில் ஊன்றிக்கொண்டு, தோல் வாரால் கைகளைப் பின்னால் கட்டினேன். முறிந்த கையையும் சேர்த்துத்தான் கட்டினேன்.

"விடடா" என்றார் நிலத்தில் முகம் அழுந்த. "தம்பியடா. எங்கட தம்பியடா."

மிங்க் கோட்டு ஒன்றைச் சுருட்டி அவனுடைய முதுகு வெட்டில் ஒரு கையால் அமத்தினேன். மற்றக் கையால் அண்ணையின் தலைமயிரைப் பிடித்திருந்தேன். முதலாளி வந்து கதவைத் திறந்தபோது அப்படித்தான் இருந்தோம். "பொலிஸ், பொலிஸ்" என்று நான்தான் கத்தினேன்.

நீதிமன்றத்தில் மொழிபெயர்ப்பாளர் மூலம் நடந்ததைச் சொன்னேன். என் சுத்தியலையும் சொன்னேன். அண்ணைக்குச் சிறை கிடைத்தது. வெளியே நடையில் அண்ணி செருப்பைக் கழற்றி என் முகத்தில் அடித்தார். "உன்னை இஞ்சை எடுத்து விட்டவர் அவரடா. போ, போய்ச் சிங்களவன்ர காலை நக்கு." பிறகு ஒருநாள் ஸ்டாலின்கிராட் பக்கம் நடந்துபோகும்போது பின்னாலிருந்து போத்தலால் தலையில் அடித்தார்கள். திரும்பிப் பார்த்தபோது ஓடியவர்கள் தமிழில் ஏசிக்கொண்டு ஓடினார்கள். லா சப்பலில் என் மேசையில் இப்போது யாரும் உட்காருவதில்லை.

அவன் பிழைத்துக்கொண்டான். ஒரு கை தோளுக்கு மேல் எழும்பாது. ஆஸ்பத்திரியிலிருந்து நேரே வேறு ஊருக்குப் போனான். அங்கே போவதென்றால் நேரே போகமாட்டேன். ஒரு ரயிலில் ஏறி, நடுவில் இறங்கி, பின்னால் யார் இறங்குகிறார்கள் என்று பார்த்து, அடுத்ததில் ஏறுவேன். காட்டில் பழகிய நடைதான். போனால் அவன் சமைத்து வைப்பான். கதைக்க அதிகம் இருக்காது, சாப்பிட்டுவிட்டு வருவேன்.

அண்ணை இந்தக் கோடையில் வெளியே வந்தார். முதல் ஞாயிற்றுக்கிழமையே என் அறைக் கதவைத் தட்டினார். வலக்கை முழங்கையில் மடிந்தபடியே நிற்கிறது. கதிரையைக் காட்டினேன், இருக்கவில்லை.

"இருக்க வரேல்லை. ஒண்டு கேக்க வந்தனான். அவன் எங்கை?"

"தெரியாது அண்ணை."

"உனக்குப் பொய் சொல்ல வராதடா. சின்னனிலை இருந்தே வராது."

"தெரியாது."

"சரி. இடக்கையாலை வெட்டப் பழகிறன். குசினியிலை திரும்ப எடுத்திருக்கினம்."

ஞாயிறு தவறாமல் வருகிறார். குழையைப் பற்றி அவரும் கேட்பதில்லை, நானும் சொல்வதில்லை. வாசலில் நின்று அதே கேள்வியைக் கேட்பார், அதே பதிலைச் சொல்வேன், படியிறங்கிப் போவார். அவர் ரயில் ஏறியிருப்பார் என்று தெரியும்வரை ஜன்னலில் நிற்பேன். போன ஞாயிறு தேநீர் போட்டு நீட்டினேன். இடக்கையால் வாங்கிக் குடித்துவிட்டு, கோப்பையைத் திருப்பித் தரும்போது மறுபடி கேட்டார். இன்றைக்கும் வந்தார். தெரியாது என்றேன்.

லா சப்பல், 2024 நவம்பர் மாதம் 3ஆம் திகதி, ஞாயிற்றுக்கிழமை.